பந்தியில அத்தையை எடை போட்ட பேராண்டிக்கு

ஏம்ப்பா பேராண்டி, போன வாரம் பாலக்கோட்டு மண்டபத்துல நீ பேசினதை நாலு பேர் தனித்தனியா வந்து எங்கிட்டச் சொல்லிட்டாங்க. எனக்குக் காது மந்தம்னு உனக்குத் தெரியும். ஊர்வாய்க்கு மந்தமில்லையே. உங்க அத்தை ரெண்டாந்தடவை வடை கேட்டுச்சாம். நீ எலையில இருந்து தலையைத் தூக்கி, எதிர்வரிசைக்கும் கேக்கற மாதிரி, "இப்பிடி ஒடம்பு வெச்சிருக்கறவங்களாலதான் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குச் செலவு தாங்கல. நாங்க கட்டற வரியெல்லாம் இவங்க வயித்துக்குள்ளதான் போவுது"ன்னியாம். பெங்களூருல கம்பெனி வேலை, கழுத்துல அட்டை, வாயில பொருளாதாரம். ரொம்ப சந்தோசம். உன்னைப் படிக்க வெச்சதுக்கு வித்த ரெண்டு எருமையும் வீண் போகல.

அத்தை எலையை மூடிட்டு எழுந்துடுச்சாம். பாயசம் இன்னும் வரவேயில்லையாம்.

அந்த வடை மடியில இருந்த பேரப்புள்ளைக்குக் கேட்டதுன்னு சொல்லி உன்னை அழ வைப்பேன்னு பாக்காதே. நான் சினிமா எடுக்கல. வடை அத்தைக்குத்தான். மெதுவடை, சூடு, மேல மொறுமொறுன்னு இருந்திருக்கு, ஆசைப்பட்டுக் கேட்டுச்சு. அவ்ளோதான். நீ கோபி மஞ்சூரியன், பிரைட் ரைஸ், ஜிலேபி, கடைசியில வாசல்ல ஐஸ்கிரீம் வரைக்கும் போனதையும் அதே நாலு பேர்தான் சொன்னாங்க. உனக்கு ஒட்டாத ஒடம்பு. குடுத்து வெச்சவன்.

கிண்டல் பண்ணாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நானே அதுல பொழப்பு நடத்தறவன். நம்ம மண்ணே அப்படி. இந்தத் தகடூர்ல அதியமானுக்கு வேண்டப்பட்ட அவ்வை, தொண்டைமான்கிட்டத் தூது போனாளே, என்ன பண்ணினா? அவன் பெருமையாத் தொறந்து காட்டின ஆயுதச் சாலையை நல்லாச் சுத்திப் பாத்துட்டு, நெய் பூசி மயில்பீலி கட்டி எவ்ளோ அழகா அடுக்கி வெச்சிருக்கேன்னு மெச்சினா. அப்புறம், பாவம் எங்க அதியமானோடதெல்லாம் மொனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு பெருமூச்சு விட்டா. ஒரு கெட்ட வார்த்தை உண்டா? தொண்டைமானுக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்காது. கெழவி பேசினது படையும் வாளும் வெச்சிருக்கிற ராசாகிட்ட. நீ பேசினது கையில எலையைத் தவிர ஒண்ணும் இல்லாத பொம்பளைகிட்ட. குறி தப்பிப்போச்சு, அதான் என் வருத்தம்.

சரி, கணக்குன்னு ஆரம்பிச்சே. கணக்காவே பேசுவோம். நீ கட்டற வரின்னியே, 12 லட்சம் வருமானம் வரைக்கும் வருமான வரியே இல்லைன்னு 2025 பட்ஜெட்ல சொன்னாங்களே. உங்கப்பன் ஊருக்கெல்லாம் சொல்ற உன் சம்பளம் நெசமா, பொண்ணு பாக்கறப்ப சொன்ன சம்பளம் நெசமான்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்துக்க. உங்க அத்தை வருமான வரி கட்டல. ஆனா மாசாமாசம் செல்லு ரீசார்ஜுக்கு 18 சதம் கட்டுது. சோப்புக்குக் கட்டுது, பிஸ்கட்டுக்குக் கட்டுது. உங்க மாமா இருக்காரே, அவரு ஒரு படி மேல. 2024-25ல டாஸ்மாக்குல சர்க்காருக்கு வந்த வருமானம் 48,344 கோடி. தொப்பை வெச்சவன் எல்லாம் கஜானாவைக் காலி பண்றான்னு நீ சொல்றே. உங்க மாமா தொப்பை கஜானாவை நெரப்பி வந்த தொப்பைடா.

இன்னொரு கணக்கு. 2015-16ல சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 100க்கு 31 பேர் எடை கூடினவங்க. 2019-21ல மறுபடி எடுத்தாங்க, 40 பேர். ஆம்பளைங்க 28ல இருந்து 37. இதை என் பேத்தி வாசிச்சுச் சொன்னப்ப நான் கேட்டது ஒண்ணுதான். அஞ்சாறு வருஷத்துல நூத்துக்கு ஒம்பது பேருக்கு, ஆணும் பொண்ணும் ஒண்ணாச் சேந்து, ஒரே சமயத்துல ரோசம் கெட்டுப்போச்சா? சோம்பேறித்தனத்தையும் கொசுதான் பரப்புதா? தனி ஆள் புத்தி கெட்டா அங்கொண்ணு இங்கொண்ணு குண்டாவும். ஊரே சேந்து குண்டாவுதுன்னா, ஊருக்கு வர்ற சாமானைப் பாக்கணும்.

உங்க அத்தைக்குப் பதினாலு வயசு இருக்கறப்ப அது களி கிண்டறதைப் பாத்தவன் நான். பானையில நொய்யைக் கொதிக்க விட்டு, ராகி மாவைக் கூம்பாக் கொட்டி, நடுவுல கோலைக் குத்தி வேக விடும். அப்புறம் பானையை எறக்கி, கவைக்கட்டையைக் கொடுத்து ரெண்டு காலாலயும் அழுத்திப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் கோலைச் சுத்தும். கட்டி தட்டக்கூடாது. தட்டினா எங்க அண்ணி கையில கெடக்கற கரண்டி பறக்கும். பத்துப் பேருக்குக் களி கிண்டி முடிக்கறப்ப நெத்தியில, கழுத்துல, முதுகுல தண்ணியா ஊத்தும். நீ மாசம் ரெண்டாயிரம் கட்டி பெங்களூருல ஒரு கண்ணாடி ரூமுக்குப் போறியே, அங்க செய்யறது இதைத்தான், களி மட்டும் கெடைக்காது. தண்ணித் தொட்டு உருட்டி, எலையில வெச்சு நடுவுல குழி பண்ணி, கொள்ளுக் கடைசலை ஊத்தினா அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் பசிங்கற பேச்சே இல்ல.

பெறகு அரிசி வந்துச்சு. 2011 ஜூன்ல இருந்து கார்டுக்கு 20 கிலோ, காசில்லாம. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். பஞ்சத்துல மரவள்ளிக் கெழங்கை அவிச்சுத் தின்னு படுத்தவனுக்குத்தான் அந்த அரிசியோட அருமை தெரியும். பசியை ஒழிச்ச அரிசி அது. அது கூடவே 25 ரூவாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வந்துச்சு. கடலை எண்ணெயைக் கரண்டியில அளந்து ஊத்தின கை, பாக்கெட்டை வெட்டிக் கவுக்கப் பழகிக்கிச்சு. பாக்கெட்டுல வர்ற எண்ணெயை மிச்சம் வெச்சா யாருக்கு? அப்புறம் காட்டு வேலைக்கு டிராக்டர், தண்ணிக்குக் கொழா, கடைக்குப் போக வண்டி. முக்குக்கு முக்கு பேக்கரி, பானிபூரி வண்டி. ராகி வெதைச்ச காட்டுல தக்காளி. களிக்கோல் பரண் மேல ஏறிடுச்சு.

இதுல வேடிக்கையைக் கேளு. 2023ல சர்க்கார் ஒரு முன்னோடித் திட்டம் கொண்டாந்தாங்க. நீலகிரிக்கும் தருமபுரிக்கும் மட்டும், ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி. நாங்க வெளைய வெச்சுத் தின்ன ராகியை எங்ககிட்டயே, சத்தான உணவு இதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நல்ல காரியந்தான், கையெடுத்துக் கும்புட்டு வாங்கிக்கிட்டேன். வூட்டுக்குக் கொண்டாந்தா, மருமக யூடியூப்புல களி கிண்டறது எப்படின்னு பாத்துக்கிட்டு இருக்குது.

இன்னொரு வேடிக்கை. நம்ம பழைய ஜில்லாவுல, அதான் 2004ல பிரிஞ்சு போன கிருஷ்ணகிரி பக்கம், சாமனப்பள்ளியில 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி முதலமைச்சர் வந்து மக்களைத் தேடி மருத்துவத்தை ஆரம்பிச்சு வெச்சார். பிரஷர் மாத்தரையும் சக்கரை மாத்தரையும் வூடு தேடி வருது. இதுவும் பெரிய காரியம், நானே வாங்கி முழுங்கறவன். ஆனா திண்ணையில குந்தி யோசிச்சா சிரிப்பு வருதா இல்லையா? ஒரே சர்க்காரு. ஒரு கையில பாமாயில், இன்னொரு கையில மாத்தரை. தில்லியில பிரதமரும் 2025 பிப்ரவரியில ரேடியோவுல பேசினார். எல்லாரும் எண்ணெயைப் பத்து சதம் கொறைங்கன்னார். மோகன்லால், மாதவன்னு பத்துப் பேரை நாட்டுக்கு எடுத்துச் சொல்ல நியமிச்சார். பாமாயில் பாக்கெட்டை 900 மில்லி ஆக்கிட்டா பத்துப் பேரும் சிரமப்படாம வூட்டுலயே இருக்கலாம். எங்கிட்ட யாரு கேக்கறாங்க?

நீ இப்ப, "தாத்தா, காரணம் எதுவா இருந்தா என்ன, செலவு செலவுதானே"ம்பே. படிச்ச புள்ள, விடமாட்டே. அதுக்கும் பதில் வெச்சிருக்கேன். தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கற என் பேத்தி, நைட் டூட்டி முடிஞ்சு வந்து இதையெல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டும். நெதர்லாந்துல 2008ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சாம். 20 வயசுல இருந்து சாவுற வரைக்கும் ஒரு ஆளுக்கு வைத்தியத்துக்கு என்ன செலவாவுதுன்னு கணக்குப் போட்டாங்க. சிகரெட் குடிக்கறவனுக்கு 2,20,000 யூரோ. குண்டா இருக்கறவனுக்கு 2,50,000. ஒல்லியா, ஒரு கெட்ட பழக்கமும் இல்லாம இருக்கறவனுக்கு? 2,81,000. ஏன்னா அவன் சீக்கிரம் சாவறதில்ல. கண்ணுல பொரை, மூட்டு, மறதி, கடைசிக் காலத்துல படுக்கைன்னு ஒண்ணொண்ணா வாங்கிக் கட்டிக்கறான். 56 வயசு வரைக்கும் வருசா வருசம் பாத்தா குண்டானவங்களுக்குத்தான் செலவு கூடன்னும் அதே ஆராய்ச்சி சொல்லுது, அதை நான் மறைக்கல. ஆனா மொத்தக் கணக்குல சர்க்காருக்குப் பெரிய பாரம் யாருன்னா, 50 கிலோ எடையில பீடியும் குடிக்காம இந்த வயசு வரைக்கும் குந்தியிருக்கற உங்க தாத்தந்தான். அடுத்த பந்தியில அத்தையை விட்டுட்டு என்னை எழுப்பி வுடு.

அப்புறம் நீ. 62 கிலோன்னு சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டறியே, 2004ல லான்செட்டுன்னு ஒரு வைத்தியப் பத்திரிகையில ரெண்டு டாக்டருங்க தங்களையே ஒப்பிட்டுப் போட்டிருந்தாங்களாம். ஒருத்தர் புனேக்காரர் யாக்னிக், இன்னொருத்தர் லண்டன்காரர் யுட்கின். உயரத்துக்கு எடை ரெண்டு பேருக்கும் ஒரே அளவு, அந்தக் குறியீடு 22 சொச்சம். பாக்கறவன் ரெண்டு பேரும் ஒல்லின்னுதான் சொல்லுவான். உள்ள அளந்தா லண்டன்காரருக்குக் கொழுப்பு 9.1 சதம், நம்மாளுக்கு 21.2 சதம். நம்ம நாட்டு ஒடம்பு கொழுப்பை வெளிய காட்டாம உள்ள பதுக்கும். உங்க பெரியப்பன் முருங்கைக்காய் மாதிரி இருந்தவந்தான், சக்கரை 300ஐத் தாண்டி நின்னுச்சு. 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சியில நாட்டுல 10.1 கோடி பேருக்கு சக்கரைன்னும், தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதம்னும் வந்துச்சு. அத்தனை பேரும் ரெண்டாவது வடை கேட்டவங்கன்னு நெனைக்கிறியா?

இப்ப அத்தை கதைக்கு வர்றேன். இது உனக்குத் தெரியாது, ஏன்னா நீ கேக்கல. அது எடது கால் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் இல்லாம நடக்குது. பந்தியில உன் எதிர்லதான் செருப்பைக் கழட்டிட்டுக் குந்துச்சு, நீ அது எலையை மட்டும் பாத்தே. முன்னொரு காலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு சக்கரை பாக்கப் போச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதே. எடை பாக்க வரிசையில நின்னுச்சு. அங்க இருந்தவங்கள்ல ஒருத்தர், மெஷின் ஒடைஞ்சா கவர்மெண்டு புதுசு தராதும்மா, பாத்து ஏறுன்னார். வரிசையே சிரிச்சுச்சு. அத்தையும் கூடச் சேந்து சிரிச்சுச்சு, அதுக்கு அதுதான் தெரியும். அன்னிக்குக் குடுத்த மாத்தரை தீர்ந்ததும் அந்தப் பக்கமே திரும்பல. ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிச்சு. ஒரு நாள் கொல்லையில வேலிக்காத்தான் முள்ளு குத்தினது கூடத் தெரியல, கால் மரத்துப்போயிருக்கு. வூட்டுக்கு வந்த என் பேத்திதான் வாடை புடிச்சுக் கண்டுபுடிச்சா. அதுக்குள்ள விரல் கறுத்துப்போச்சு. சேத்து, வெட்டி, கட்டுப் போட்டு, மாசக்கணக்குல அலைச்சல்.

சக்கரை மாத்தரையோட வெல பேக்கரியில நீ குடிக்கிற டீ செலவுக்கு வராது. விரலை வெட்டி ஆஸ்பத்திரியில கெடந்த செலவு என்னன்னு நீயே பெங்களூருல விசாரி. அந்தச் செலவை சர்க்கார் தலையில வெச்சது எது, வடையா, அந்தச் சிரிப்பா? வைத்தியச் செலவைப் பத்தி உனக்கு அவ்ளோ அக்கறைன்னா, முதல்ல வாயைக் கட்டணும். கட்ட வேண்டியது அத்தை வாயை இல்ல.

திட்டினா எளைச்சிடுவாங்கன்னா, தமிழ்நாட்டுல ஒரு தொப்பை இருக்கக்கூடாது. நம்ம சினிமாவுல குண்டுன்னாலே காமெடி, பள்ளிக்கூடத்துல குண்டுன்னாலே பட்டப்பேரு. இத்தனை வருசமா ஓயாம செஞ்ச வைத்தியம் இது, குணமானவங்களைக் காட்டு. 2025 நவம்பர்ல சென்னையில ஒரு படத்துக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசினப்ப, அதுல நடிச்ச கௌரி கிஷன்ங்கற பொண்ணோட எடையைப் பத்திக் கேள்வி கேட்டாங்க. பொண்ணு தனியா நின்னு, என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்னு திருப்பிக் கேட்டுச்சு. கடைசியில கேட்டவர்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாப் போச்சு. அதே வருசம் மார்ச்சுல காங்கிரஸ் செய்தித் தொடர்பாளர் ஒரு அம்மா, ரோகித் சர்மா குண்டா இருக்கார்னு எழுதினாங்க. கட்சியே அழிக்கச் சொல்லிடுச்சு. ஒரே வாரத்துல, சாம்பியன்ஸ் கோப்பை பைனல்ல அந்த மனுசன் 76 ரன் அடிச்சு ஆட்ட நாயகன் ஆயிட்டார். அந்தம்மா என்ன அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது.

சிரிப்பு தாங்காம கத்தி வரைக்கும் போனவங்களும் உண்டு. 2024ல சென்னைக்குப் பக்கத்துல எடை கொறைக்க ஆபரேஷனுக்குப் போன ஒரு பையன் உயிரோட திரும்பல. இப்ப ஊசி வந்திருக்கு, மௌஞ்சாரோன்னு பேரு. 2025 மார்ச்சுல வந்தப்ப சின்ன டோஸ் புட்டி 3,500 ரூவா, அதுக்கடுத்தது 4,375. வாரம் ஒண்ணு போடணும். நூறு நாள் வேலைக் கூலி அந்த வருசம் 336 ரூவா. பதினோரு நாள் மண்ணு வெட்டினா ஒரு ஊசி. பதினோரு நாள் மண்ணு வெட்டினா ஊசியே வேணாம்னு நீ சொல்லுவே. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டே.

வரி போடணும்னு கை அரிச்சா போடட்டும். கேரளாவுல 2016ல பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 சதம் போட்டுப் பாத்தாங்க, இப்ப நாடு பூரா கலர் சோடாவுக்கு 40 சதம் இருக்கு. பாட்டில் ரோசப்படாது. எலையை மூடிட்டு எழுந்து போவாது.

ஜப்பான்காரன் செய்யறதுல எனக்குப் புடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. 2008ல இருந்து 40 வயசுக்கும் 74 வயசுக்கும் நடுவுல இருக்கறவங்களுக்கு வருசா வருசம் இடுப்பை அளக்கறான். ஆம்பளைக்கு 85 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 90. தாண்டினவனுக்கு அபராதம் கெடையாது, உக்கார வெச்சுப் பேசி வழி சொல்லுவாங்க. இலக்கு தவறினா கைக்காசைக் கூடக் கட்ட வேண்டியது இன்சூரன்ஸ் அமைப்பு. பாத்தியா, குறி எங்க வெச்சிருக்கான்னு? உன்னைப் பத்து மணி நேரம் நாற்காலியில ஆணியடிச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு பீட்சா வாங்கித் தர்ற உன் கம்பெனியை இந்த மாதிரி யாராச்சும் கேட்டா நான் கைதட்டுவேன்.

நமக்கு டேப்பு கூட வேணாம். அர்ணாக்கயிறு போதும். பொறந்த கொழந்தைக்குக் கட்டறோம், சாவுற வரைக்கும் இடுப்புல கெடக்கு. நான் கட்டியிருக்கற கறுப்புக் கயிறுல மூணு முடிச்சு இருக்கு. மழைக்காலத்துல வேலை இல்லாம குந்தினா இடுப்பைச் சுத்தி ஒரு தடம் உழும், தை மாசம் அறுப்புக்குப் போனா மறைஞ்சிடும். நீ போன பொங்கலுக்கு வந்தப்ப, ஆத்துல குளிக்கறப்ப உன் வெள்ளி அர்ணாக்கொடியைக் காணோமேன்னு கேட்டேன். ஸ்டைலா இல்ல தாத்தான்னே. பொய். கொக்கி எட்டலைன்னு உங்கம்மா எங்கிட்டச் சொல்லிடுச்சு. நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லைன்னு என் பேத்தி சொல்லுது. 62 கிலோவெல்லாம் உன் பழைய கதை, இல்லன்னா சட்டைக்குள்ள வேற யாரோ இருக்காங்க.

வர்ற சனிக்கெழமை நீ ஊருக்கு வர்றே. முதல் வேலையா அத்தை வூட்டுக்குப் போ. மன்னிப்பு கின்னிப்புன்னு வசனம் பேசாதே, அதுக்குக் கூச்சமாப் போயிடும். களி கிண்டச் சொல்லு, கோலை நீ வாங்கிச் சுத்து. திங்கக்கெழமை லீவு போட்டுட்டு, அத்தையையும் உங்கம்மாவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ. சக்கரை, பிரஷர் ரெண்டும் காசில்லாமப் பாப்பாங்க. வரிசையில உங்க அத்தைக்கு முன்னால நீ நில்லு, மெஷின்ல முதல்ல நீ ஏறு. இடுப்பு அளக்கறப்ப மூச்சைப் புடிச்சு வயித்தை உள்ள இழுக்காதே. அங்க இருக்கற நர்ஸம்மா என் பேத்தியோட கூடப் படிச்சது, ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்.